திம்பம் ரோட்டுலயா திப்பு இறங்கினாரு? கெஜலட்டி, டணாய்க்கன்கோட்டை, 27 பெண்டு

கேள்வி (ஒரு வாசகர் கேட்டது): பண்ணாரியிலருந்து திம்பம் போற 27 கொண்டை ஊசி வளைவு ரோடு திப்பு சுல்தான் போட்டதுன்னு பஸ்ல ஒருத்தர் சொன்னாரு. மைசூர்ல இருந்து குதிரைப்படை இந்த வழியாத்தான் கோயமுத்தூருக்கு இறங்குச்சாம். உண்மையா? ஊர்க்காரங்க யாராச்சும் சொல்லுங்க.

ஜனவரி 7, 2024

நான் சத்தி (சத்தியமங்கலம்) தானுங்க. எங்கப்பா இருவத்தி ரெண்டு வருசம் அந்த ரோட்டுல லாரி ஓட்டினவரு. ஏழாவது படிக்கறப்ப இருந்து லீவு விட்டா கேபின்ல ஏறி உக்காந்துக்குவேன், அதனால இதுக்கு பதில் சொல்லாம போக முடியல.

திப்பு படை மைசூர்ல இருந்து இறங்குச்சுங்கறது உண்மை. ஆனா திம்பம் வழியா இல்ல. அவங்க இறங்கினது கெஜலட்டி கணவாய். அது பண்ணாரிக்கு மேக்கால, மாயாத்துப் பள்ளத்தாக்குக்குள்ள இருக்கு. இன்னிக்கு அந்தப்பக்கம் ரோடுன்னு சொல்ற மாதிரி ஒண்ணும் மலை மேல ஏறல, முழுக்க புலிகள் காப்பகக் காடு. திம்பம் ரோடு அப்புறம் வந்தது. பழைய ஆவணத்துல அதை ஆசனூர் கணவாய்னு எழுதியிருப்பாங்க. மாட்டுவண்டி ஏறுற மாதிரி அந்தப் பாதை வந்ததும் கெஜலட்டியில சனம் போறது நின்னு போச்சு.

சத்தியில பாதிப் பேரு "திப்பு ரோடு"ன்னுதான் சொல்றாங்க. நானே காலேஜ் வரைக்கும் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன்.

ஜனவரி 8, 2024

நேத்து அவசரத்துல எழுதினேன். இன்னும் கொஞ்சம் விவரமா சொல்லோணும்.

1790-ல மூணாவது மைசூர் யுத்தம். கும்பினி, அதாவது வெள்ளைக்காரங்களோட கிழக்கிந்தியக் கம்பெனி, அந்தப் படைக்கு ஜெனரல் மெடோஸ் தலைமை. அவரு போட்ட திட்டம் என்னன்னா, கரூர், கோயமுத்தூர்னு வரிசையா பிடிச்சு அரிசி பருப்பு குண்டு மருந்தெல்லாம் சேத்து வெச்சுட்டு, கடைசியில கெஜலட்டி வழியா மேல ஏறி நேரா திப்புவோட தலைநகரம் சீரங்கப்பட்டணத்தை அடிக்கறது. கோயமுத்தூர் ஜூலையில கைக்கு வந்துருச்சு. கர்னல் ஃப்ளாய்டுன்னு ஒரு குதிரைப்படை அதிகாரி சத்தியமங்கலத்தைப் பிடிச்சுட்டு கணவாய் வாய்க்கு எதுத்தாப்புல உக்காந்தாரு. ஆனா படையை மூணா பிரிச்சுட்டாங்க, மெடோஸ் கோயமுத்தூர்ல, ஸ்டூவர்ட்டுன்னு இன்னொருத்தர் பாலக்காட்டுப் பக்கம், ஃப்ளாய்டு சத்தியில. ஒருத்தருக்கு ஒருத்தர் கூப்பிட்டா கேக்காத தூரம்.

திப்பு அதைத்தான் பாத்தாரு. செப்டம்பர்ல, மழைக்காலம் முழுசா முடியறதுக்கு முந்தியே, கனமான சாமானையெல்லாம் மலை மேல தன்னோட மந்திரி பூர்ணையா பொறுப்புல விட்டுட்டு கெஜலட்டியில சரசரன்னு இறங்கிட்டாரு. ஏறப் போறவன் வாசல்ல நிக்கறப்ப இறங்கறவன் முந்திக்கிட்டான். செப்டம்பர் 13 சத்தியமங்கலத்துல சண்டை. பகல் பூரா அடிச்சுக்கிட்டாங்க, வண்டி மாடெல்லாம் குண்டு பட்டு செத்துப் போனதுல ஃப்ளாய்டு பீரங்கியை இழுக்க வழியில்லாம சிலதை அங்கயே போட்டுட்டு கோயமுத்தூர்ப் பக்கம் பின்வாங்கினாரு. அடுத்த நாள் சேவூர்ல மறுபடியும் சண்டை. சேவூர் அவினாசிக்குப் பக்கத்துல இருக்கே, அதேதான். நான் வாரா வாரம் பஸ்ல தாண்டற ஊரு.

கெஜலட்டி வழியா மேல ஏறற திட்டம் அதோட செத்துச்சு. 1791-ல கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் தலைமை எடுத்தப்ப இந்தப் பக்கமே வரல, வேலூர்ப் பக்கமா வந்து ஆம்பூர் வழின்னு போக்குக் காட்டிட்டு முக்லி கணவாய்ல ஏறி பெங்களூரைப் பிடிச்சாரு.

ஜனவரி 8, 2024 (ராத்திரி)

"அப்ப ஹைதர் அலி?"னு கேட்டவருக்கு: அவர் காலத்துலயும் இதே வழிதான். 1768 கடைசியில ஹைதரோட தளபதி ஃபசலுல்லா கான் கெஜலட்டி வழியா இறங்கித்தான் கும்பினிக்காரங்க இங்க வெச்சிருந்த சின்னச் சின்ன காவலையெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்தாரு. மைசூர்க்காரங்களுக்கு கோயமுத்தூர்ச் சீமைக்கு வர வாசப்படியே அதுதான்.

ஜனவரி 14, 2024

பொங்கலுக்கு அக்கா வீட்டுக்கு வந்திருக்கேன். ஆனா இதே நெனப்பாத்தான் இருக்கு.

ஏன் கெஜலட்டி, ஏன் திம்பம் இல்லன்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. நல்ல கேள்வி. மேப்பைப் பாத்தா புரியும். நீலகிரிக்கும் இந்தப்பக்கம் தலமலைக் காட்டுக்கும் நடுவுல மாயாறு ஆழமா வெட்டிக்கிட்டு கிழக்கால வருது. வந்து பவானியில சேருது. குதிரை, பொதிமாடு, யானைன்னு ஆயிரக்கணக்குல போற படைக்கு முதல்ல வேண்டியது தண்ணி. அந்தப் பள்ளத்தாக்குல ஆத்தோரமாவே வரலாம், தண்ணிக்கு அலைய வேண்டியதில்ல. மேல தலமலைப் பக்கம் ஏறிட்டா ஹரதனஹள்ளி, சாமராஜநகர்னு சமதரை. கீழ இறங்கினா மாயாறும் பவானியும் கூடற எடத்துல கோட்டை. திம்பம் சரிவு அப்படியில்ல, பண்ணாரிக்கு அக்கட்டால நட்டுக்குத்தா நிக்குது, 12, 13 கிலோமீட்டருக்குள்ள சுமார் 1,100 மீட்டர் உசரத்துக்குப் போயிருது. அதுல ரோடு வரணும்னா பாறையை வெட்டி வளைச்சு வளைச்சுத்தான் ஏத்தோணும். அதான் 27 பெண்டு. வெடிமருந்து வெச்சு பாறை உடைக்கற காலத்து ரோடு அது.

அந்தக் கோட்டைதான் டணாய்க்கன்கோட்டை. திப்பு கட்டினது. எங்க அம்மிச்சி (அம்மாவைப் பெத்தவங்க) பொறந்த ஊரு அதுக்குப் பக்கத்துலதான், இப்ப பவானிசாகர் அணைத் தண்ணிக்குள்ள இருக்கு.

ஜனவரி 16, 2024

மேல எழுதினதுல ஒரு தப்பு. டணாய்க்கன்கோட்டை திப்பு கட்டினது இல்ல. கோபிக்காரர் ஒருத்தர் சுட்டிக் காட்டினாரு, தேடிப் பாத்தேன், அவரு சொன்னதுதான் சரி. அழிக்காம விட்டிருக்கேன், எப்படித் தப்பு பரவுதுன்னு தெரியட்டும்.

டணாய்க்கன்னா தண்டநாயக்கன். படைத்தலைவன். ஹொய்சள ராஜா மூணாம் வல்லாளன்கிட்ட இருந்த மாதவ தண்டநாயக்கன், 14-ம் நூற்றாண்டு. அவருக்கு "நீலகிரி சாதாரன்"னு ஒரு பட்டம், நீலகிரியை அடக்கினவன்னு அர்த்தம். அதுக்கும் முன்னாடி 1117-லயே விஷ்ணுவர்த்தனனோட தளபதி புணிசன் நீலமலையைப் பிடிச்சதா கல்வெட்டு இருக்கு. ஆக மைசூர்ச் சீமைக்காரங்க இந்த மலையைத் தாண்டி வர்றது திப்புவுக்கு அறுநூத்தி எழுபது வருசம் முந்தியே ஆரம்பிச்சிருச்சு. கோட்டை அப்புறம் கைமாறிக் கைமாறி கடைசியில ஹைதர், திப்புகிட்ட வந்துச்சு. கடைசியா யாரு பேரு ஊருக்குள்ள கேட்டுச்சோ அவங்களே கட்டினதா ஆயிருது.

ஜனவரி 17, 2024

கோட்டையைப் பாக்க முடியுமான்னு மூணு பேரு கேட்டிருக்காங்க.

அணை வேலை 1948-ல ஆரம்பிச்சு 1955-ல முடிஞ்சுது. நீர்மட்டம் 105 அடி, 32.8 டிஎம்சி. கீழ்பவானி வாய்க்கால்ல 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் பாயுது. எங்க பெரியப்பா காடும் அதுல ஒண்ணு, நெல்லும் மஞ்சளும் அந்தத் தண்ணிதான். அதனால அணை வந்தது தப்புன்னு என் வாயில வராது. ஆனா அந்த 105 அடிக்குள்ள ஒரு கோட்டையும் கோவிலும் சந்தைப்பேட்டையும் எங்க அம்மிச்சி வெளையாடின வாசலும் கெடக்கு.

2017 வறட்சியில அணை வத்துனப்ப நான் நேர்ல பாத்திருக்கேன். சேறு காஞ்சு பாளம் பாளமா வெடிச்சிருந்துச்சு, செருப்பு அந்த வெடிப்புல மாட்டி மாட்டி நடந்தோம். கோட்டைச் சுவரு கருங்கல்லு, தண்ணிக்குள்ளயே இருந்து இருந்து வெளுத்துப் போயி, கல்லு மேல சிப்பி ஒட்டிக் கெடந்துச்சு. தூணுல கை வெச்சா மாவு மாதிரி சேறு ஒட்டுச்சு. பரிசல்காரர் ஒருத்தரு உள்ள வரைக்கும் கூட்டிட்டுப் போனாரு. எங்கம்மாவுக்கு அங்க நின்னு பேச்சே வரல. ஒரு பிடி மண்ணு எடுத்து முந்தியில முடிஞ்சுக்கிச்சு.

ஜனவரி 19, 2024

மேல "கோட்டைச் சுவரு"ன்னு எழுதினேன் இல்லீங்களா. போட்டோவை மறுபடியும் எடுத்துப் பாத்தேன். அது கோட்டை இல்ல. மாதவப் பெருமாள் கோவில். தூணு, மண்டபம், கருவறை எல்லாம் தெளிவாத் தெரியுது. அன்னிக்கு எல்லாரும் கோட்டை கோட்டைன்னே சொன்னதுல என் கண்ணும் கோட்டையாவே பாத்திருக்கு. அந்த மாதவன் பேருதான் தண்டநாயக்கனுக்கும்.

பிப்ரவரி 3, 2024

பேச்சு திம்பத்துப் பக்கம் திரும்பிருச்சு, பரவால்ல, அதுவும் சொல்லவேண்டியதுதான்.

அப்பா கூட போனதுல எனக்கு ஒரு ராத்திரி மறக்காது. தாளவாடியில முட்டைக்கோசு ஏத்திட்டு இறங்கறோம். நல்ல மழை. ஒம்பதாவது பெண்டா எட்டாவதான்னு நெனப்பில்ல, எதுக்கால கர்நாடகா லாரி ஒண்ணு திரும்ப முடியாம நின்னுருச்சு. அந்தப் பெண்டுல நீட்டு வண்டின்னா ஒரே வாட்டுல திரும்பாது, முன்ன போயி பின்ன எடுத்து மறுபடியும் முன்ன போகோணும். பின்ன எடுக்கறப்ப ஏத்தத்துல வண்டி உருண்டுச்சுன்னா நேரா பள்ளம். கிளீனர்தான் உசுரு. கையில கட்டையை வெச்சுக்கிட்டு பின் சக்கரத்துக்குப் பக்கத்துலயே குனிஞ்சு நடப்பான், வண்டி நின்ன நொடி கட்டையைச் சொருகோணும். அன்னிக்கு அந்த வண்டியில கிளீனர் இல்ல. எங்கப்பா இறங்கி, எங்க வண்டிக் கட்டையை எடுத்துட்டுப் போயி, மழையில நனைஞ்சுக்கிட்டே சொருகிச் சொருகி எடுத்து அந்த வண்டியைத் திருப்பி விட்டாரு. மொழி தெரியாது ரெண்டு பேருக்கும். அந்த டிரைவரு கையெடுத்துக் கும்பிட்டுட்டு ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் குடுத்துட்டுப் போனாரு. பின்னால முப்பது நாப்பது வண்டி லைட்டு மலை பூரா மடிஞ்சு மடிஞ்சு நின்னுச்சு, நான் கேபின்ல இருந்து எண்ணிப் பாத்துட்டு இருந்தேன்.

கீழ வந்து பண்ணாரியில நிறுத்தாம போகமாட்டாரு. அங்க விபூதி குடுக்கறதில்ல, புத்துமண்ணுதான். அதைக் கொஞ்சம் ஸ்டீயரிங்குல தடவுவாரு, எனக்கு நெத்தியில வெப்பாரு.

பிப்ரவரி 4, 2024

பண்ணாரின்னதும் ஞாபகம் வந்துச்சு. கோவில் தலவரலாறுல, கேரளாப் பக்கம் மண்ணார்க்காட்டுல இருந்து பொதிமாடு ஓட்டிக்கிட்டு மைசூருக்குப் போற யாவாரிங்களுக்கு அம்மன் வழித்துணையா வந்ததா சொல்றாங்க. கதைதான், ஆனா கதை நடக்கற எடத்தைக் கவனிங்க. மேற்குக் கரையில இருந்து மைசூருக்குப் போற சரக்கு இந்த அடிவாரத்துல தங்கித்தான் மலையேறியிருக்கு. படை வர்றதுக்கு முன்னயும் பின்னயும் இந்த வழியை ஓட்டிக்கிட்டிருந்தது பொதிமாட்டுக்காரங்க. அவங்க பேரை யாரும் எழுதி வெக்கல. வழித்துணைக்கு ஒரு சாமியை மட்டும் வெச்சுட்டுப் போயிருக்காங்க. எங்கப்பா ஸ்டீயரிங்குல தடவின மண்ணும் அதே சாமி மண்ணுதான்.

நேத்து வரைக்கும் நானும் திப்பு, ஃப்ளாய்டுன்னே எழுதிட்டு இருந்தேன். இதை முதல்லயே சொல்லியிருக்கோணும்.

பிப்ரவரி 18, 2024

திம்பம் ரோட்டுல ராத்திரி வண்டி போகத் தடை போட்டது பத்தி ரெண்டு பக்கமும் சூடாப் பேசிட்டாங்க. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

ஐகோர்ட் உத்தரவுப்படி 2022 பிப்ரவரி 10 முதல் அமலாச்சு. லாரிக்கு சாயங்காலம் 6-ல இருந்து காலையில 6 வரை, கார் மாதிரி சின்ன வண்டிக்கு ராத்திரி 9-ல இருந்து. அப்புறம் 16.2 டன்னுக்கு மேல போற வண்டி அந்த மலையிலயே ஏறக்கூடாதுன்னும் வந்துச்சு. தாளவாடிக்காரங்க கடையடைச்சுப் போராடினாங்க. நானும் அப்ப அவங்க பக்கம்தான் கத்தினேன். தக்காளி ராத்திரி ஏத்தினாத்தான் வெடியால மேட்டுப்பாளையம், கோயமுத்தூர் மார்க்கெட்டுக்குப் போகும், பகல்ல ஏத்தினா வெய்யில்ல வெந்துரும். அதுவும் தாளவாடி தமிழ்நாடுதான்னு பலருக்குத் தெரியாது. அந்தக் காலத்துல கொள்ளேகால் தாலுக்காவே கோயமுத்தூர் ஜில்லாவுல இருந்துச்சு, 1956-ல அது மைசூருக்குப் போச்சு, தாளவாடி இந்தப்பக்கமே நின்னுருச்சு. மலை மேல கர்நாடகா ஒட்டி ஒரு துண்டு தமிழ்நாடு, அதுக்கு தன் சொந்த மாவட்டத்துக்கு வர இருக்கற முக்கிய வழி இந்த 27 பெண்டு. அந்த வழியைச் சாத்தறதுன்னா சும்மாவா?

இப்ப கொஞ்சம் மாறியிருக்கேன். போன வருசம் ஆசனூர்ல சொந்தக்காரங்க வீட்டுல தங்கினேன். சின்ன வயசுல அங்க ராத்திரி பூரா லாரி ஏத்தத்துல முக்கற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். இப்ப எட்டு மணிக்கு மேல ஒண்ணுமே இல்ல. காட்டுப்பக்கம் கெளை ஒடியற சத்தம், அப்புறம் யானை வயித்துக்குள்ள உருமற மாதிரி ஒரு சத்தம். வீட்டு அக்கா, "அது தெனமும் இந்நேரத்துக்கு ரோட்டைத் தாண்டும், முன்னெல்லாம் குட்டியை வெச்சுக்கிட்டு விடிய விடிய நிக்கும்"னாங்க. அதைக் கேட்டதுக்கப்புறம் பழைய மாதிரி என்னால கத்த முடியல. தாளவாடி ஆஸ்பத்திரிக் கேசு, காய்கறி வண்டி இதுக்கெல்லாம் கஷ்டமில்லாம வழி குடுத்துட்டு தடை இருக்கட்டும்ங்கறதுதான் இப்ப என் எண்ணம்.

பிப்ரவரி 18, 2024

காரப்பள்ளம் செக்போஸ்ட்டுக்கிட்ட கரும்பு லாரியை யானை மறிக்கற வீடியோவைப் பாத்து சிரிக்காதீங்க. கரும்பை எறிஞ்சு எறிஞ்சு பழக்கினது நாமதான். குட்டிகளும் ரோட்டோரத்துலயே வளருது.

பிப்ரவரி 21, 2024

வீரப்பன், ராஜ்குமார் கடத்தல் பத்தி கேட்டவருக்கு: 2000 ஜூலை 30, தாளவாடிக்குப் பக்கத்துல தொட்டகாஜனூர். 108 நாள். அந்த நாள்ல இந்த ரோட்டுல ரெண்டு பக்கமும் பஸ்ஸு லாரி நின்னு போயி அப்பாவுக்கு வேலையே இல்ல. அதுக்கு மேல இங்க வேண்டாம், அது தனிக்கதை.

மார்ச் 24, 2024

கெஜலட்டிக்குப் போயிட்டு வந்தேன்! போயிட்டுன்னா, தாண்டிட்டு வந்தேன்.

தெங்குமரஹாடாவுல அம்மா வழிச் சொந்தத்துல கல்யாணம். பவானிசாகர்ல இருந்து காராச்சிக்கொரை செக்போஸ்ட் தாண்டி 25 கிலோமீட்டர் காட்டுக்குள்ள பஸ்ஸு. வெளி ஆளுங்க வனத்துறை அனுமதி இல்லாம போக முடியாது, யாரும் கெளம்பிராதீங்க. ரோடுங்கறது கல்லும் பள்ளமும்தான், பஸ்ஸு நடந்து போற வேகம். கையில கம்பியைப் பிடிச்சுப் பிடிச்சு தோளு விட்டுப் போச்சு. வழியில கண்டக்டரு "கெஜலட்டி"ன்னாரு. நான் எந்திரிச்சு நின்னுட்டேன்.

ஒண்ணுமே இல்லீங்க அங்க. முள்ளுக்காடு, உசில மரம், சாணம் காஞ்சு கெடக்கு, வடக்கால மலைச்சரிவு. ஒரு ஓரத்துல சரிவு மடங்கற எடத்துல பச்சை கொஞ்சம் விலகின மாதிரி மேல ஏறிப் போகுது. அது பழைய பாதையா, யானைத் தடமா, மழைத்தண்ணி ஓடின ஓடையான்னு பஸ்ஸுல இருந்து என்னால சொல்ல முடியல. சக்கரம் பள்ளத்துல இறங்கி ஏறற ஒரு நிமிசம் பாத்தேன். ஒரு படையே பீரங்கியும் குதிரையுமா இறங்கின வாசல் அது. வானத்துல ரெண்டு பாறு சுத்திக்கிட்டு இருந்துச்சு. மாயாத்துப் பக்கம் இன்னும் பாறுக் கழுகு கூடு கட்டுதுன்னு கேள்விப்பட்டிருக்கேன், பாத்தது இதான் முதல் தடவை.

பஸ்ஸு ஆத்தோட இக்கட்டாலயே நின்னுரும். ஊரு அந்தக் கரையில. பரிசல்ல ஏறித் தாண்டோணும், சீர் தட்டு, பூ மாலை, பந்தி எலைக்கட்டு எல்லாம் பரிசல்லதான் வந்துச்சு.

மார்ச் 25, 2024

அந்த ஊரையே காலி பண்ணி வேற எடத்துக்கு மாத்தற பேச்சும் ஓடிக்கிட்டு இருக்கு. கல்யாண வீட்டுலயே அதைப் பத்தித்தான் பேச்சு. சிலருக்குப் பணம் குடுத்தா போதும், பையனுக்கு டவுன்ல ஸ்கூல் கெடைக்கும்ங்கறாங்க. ஒரு பெரியவரு மட்டும், "எங்கய்யன் காடு வெட்டித் திருத்தின வயலு"ன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிட்டு இருந்தாரு. எனக்கு அம்மிச்சி ஞாபகம்தான் வந்துச்சு, அவங்க ஊருக்கும் இந்த ஊருக்கும் நடுவுல ஆத்துல ஒரு அரை நாள் தூரம்கூட இல்ல.

மார்ச் 31, 2024

முதல்ல கேள்வி கேட்டவரு "அப்ப திம்பம் ரோடு பழசே இல்லையா"ன்னு கேக்கறாரு. அப்படிச் சொல்லல. கட்டவண்டி காலத்துல இருந்து ஓடற ரோடு, அதுக்கும் வயசு இருக்கு. கெஜலட்டிக்குப் பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தான் எளசு.

ஏப்ரல் 2, 2024

நேத்து அம்மாகிட்ட இதெல்லாம் வாசிச்சுக் காட்டினேன். பொறுமையாக் கேட்டுட்டு, "அதுக்கு ஏன் இத்தனை எழுதோணும், அம்மிச்சி திம்பத்து ரோட்டை சாகற வரைக்கும் புதுப்பாதைன்னுதான சொல்லுச்சு"ன்னாங்க. எனக்கு அது ஞாபகமே இல்ல. நல்லா யோசிச்சுப் பாத்தேன். அப்பா லோடு ஏத்திட்டுக் கெளம்பறப்ப திண்ணையில உக்காந்துக்கிட்டு "மாப்ள, புதுப்பாதையில பாத்துப் போங்க"ன்னு சொல்லும். நான் அப்ப ரோட்டுக்குப் புதுசா தார் போட்டிருக்காங்க போலன்னு நெனச்சுக்கிட்டேன்.